துக்கம் தனிச்சொத்தன்று

கோப்பாயிலும் அதனைச் சூழ்ந்த இருபாலை, நீர்வேலி, உரும்பிராய் முதலிய ஊர்களிலும், கற்றோர் கல்லாதோர் என்ற பேதமின்றிப் பெரும்பாலாரால் ஏற்றுக்கொள்ளப்பட்டதும், எதிர்த்துப் பேசுவாரை எளிதிற் காணமுடியாததுமான ஓர் அபிப்பிராயம் உண்டு. போரிலே பிள்ளையையோ கணவனையோ உடன்பிறந்தாரையோ இழந்தவர்களும், இழந்துவிட்டோமா இல்லையா என்பதையே அறியாது வாழ்பவர்களும், தற்கொலையாலோ கொடுநோயாலோ ஒருவரைப் பறிகொடுத்தவர்களும் குறித்த நாளில் ஓரிடத்திற் கூடியிருந்து, தம் மனத்துயரை ஒருவருக்கொருவர் எடுத்துரைத்து ஆறுதல் பெறுவது வேண்டாத காரியம் என்பதே அது. “ஆறின புண்ணைக் கிளறாதேங்கோ” என்பார் ஒருவர். “செத்தவீடு, அந்தியேட்டி, கோயில் எல்லாம் இருக்க உது என்னத்துக்கு?” என்பார் இன்னொருவர். “வெளிநாட்டுக்காரன் காசு குடுத்துப் பழக்கின வேலை” என்பார் மூன்றாமவர். “மனவருத்தம் எண்டால் டொக்டரிட்டைப் போகவேணும், ஒண்டும் தெரியாத சனம் கூடியிருந்து என்ன செய்யிறது?” என்பார் நான்காமவர். இந்நால்வரும் தீயவரல்லர்; அவர்களுட் சிலர் எனக்கு எழுத்தறிவித்தவர்கள், சிலர் என் உறவினர். ஆயினும் அவர்கள் கூறுவது தவறு. அதுவும், பேச்சளவில் நின்றுவிடாமல் நம்மூர் வீடுகளின் உள்ளறைகளிலே மனிதரைத் தனியே வைத்து வதைக்கின்ற தவறு. 1996ஆம் ஆண்டு வீட்டைவிட்டுப் புறப்பட்டுத் திரும்பாத ஒருவனுக்குத் தமக்கையாகிய நான், இத்தகைய ஆறுதற் கூட்டமொன்றில் முதலில் வாய்திறவாத உறுப்பினளாகவும், பின்னர் அதனை நடத்தும் பொறுப்பை ஏற்றவளாகவும் கண்டறிந்தவற்றையும், அவற்றோடு கற்றறிந்தவற்றையும் துணையாகக் கொண்டு அவர்களுக்கு மறுமொழி கூற முற்படுகின்றேன்.

அவர்களின் கூற்றுக்களுள் வலிமை மிக்கது செத்தவீட்டைப் பற்றியது; ஆதலால் அதனையே முதலில் எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்துச் செத்தவீட்டை நான் எவ்வாற்றானும் குறைத்துக் கூறேன். மரணச் செய்தி ஒழுங்கையிற் பரவிய கணத்திலிருந்து அவ்வீட்டு அடுப்பு எரிவதில்லை. அயலவர் சோறும் கறியும் தேநீரும் கொண்டுவருகின்றனர். ஆண்கள் பந்தல் போடுகின்றனர், விறகுக்கு ஒழுங்கு செய்கின்றனர். பெண்கள் பிரேதத்தைச் சூழ்ந்திருந்து, ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு, ஒப்பாரி சொல்லி அழுகின்றனர். அவ்வேளையிலே கிடத்தப்பட்டிருப்பவருக்காக மட்டும் ஒருத்தி அழுவதில்லை. பல்லாண்டுகளுக்கு முன் போன தன் தாயையும், சென்ற வருஷம் பறிகொடுத்த தன் பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்து அழுகின்றாள். அது முறையன்று என்று அவளைத் தடுப்பவர் ஒருவருமில்லை. மறுநாட் காடாற்று, எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆட்டைத் திவசம், தந்தையை இழந்தார்க்கு ஆடி அமாவாசை, தாயை இழந்தார்க்குச் சித்திரா பௌர்ணமி என்று துக்கத்தை நாட்களாக வகுத்து, அந்நாட்கள்தோறும் உறவையும் அயலையும் மீண்டும் அவ்வாசலுக்கு வரச்செய்த நம் முன்னோரின் விவேகம் போற்றத்தக்கது.

ஆனால் இந்த வழக்கத்தைத் தமக்குச் சான்றாகக் காட்டுவோர், அது எதனை நிரூபிக்கின்றது என்று சற்றுச் சிந்தித்தல் வேண்டும். துக்கம் தனியறைக்குரியது என்று நம் முன்னோர் கருதியிருந்தால் பந்தல் எதற்கு? வாயைத் திறந்தால் வருத்தம் பெருகும் என்று நினைத்திருந்தால் ஒப்பாரி எதற்கு? துக்கப்பட்டவர்க்குத் துக்கப்பட்டவரே அருகிருக்கவேண்டும் என்பதும், அழுகையைக் கேட்பதற்குக் காதுகள் வேண்டும் என்பதும், ஒரு நாளில் அது முடிவதில்லை என்பதும் அந்த வழக்கத்தின் உள்ளே அடங்கியிருக்கும் கொள்கைகள். செத்தவீடு என் கட்சிக்குரிய சாட்சியேயன்றி எதிர்க்கட்சிக்குரிய சாட்சியாகாது.

அன்றியும், அந்த வழக்கம் நடந்தேறுவதற்குச் சில பொருள்கள் இன்றியமையாதன. பிரேதம் வேண்டும், இறந்த திதி வேண்டும், வீடு வேண்டும், அயல் வேண்டும். இந்நான்கையும் போர் நம்மிடமிருந்து ஒவ்வொன்றாய்ப் பறித்துக்கொண்டது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்துச் சனங்கள் இலட்சக்கணக்கில், கோப்பாய் - கைதடி வீதியாலும் செம்மணி - நாவற்குழி வீதியாலும் மழையிலே அடிக்கு அடி வைத்துத் தென்மராட்சிக்கு நடந்தபோது, வழியில் உயிர்நீத்த முதியவர்களுக்குப் பந்தல் போட்டவர் யார்? அடுப்பு மூட்டாதிருக்க வீடு எங்கே இருந்தது? 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் பெயர்க்கப்பட்ட பின்னர் நெடுங்காலம் கீரிமலைக்குச் சுயேச்சையாய்ச் சென்று பிதிர்க்கடன் செய்ய இயலாதிருந்ததை நாம் மறந்துவிட்டோமா? 2009ஆம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலிற் பதுங்குகுழிக்குள்ளே தாயை விட்டுவிட்டு உயிரோடிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் இன்று நம் அயலிலே இருக்கிறார்கள்; அவர்கள் காடாற்றியது எந்நாளில்? நம்மூருக்குத் தெற்கே அதிக தூரமில்லாத செம்மணியில், 1999இல் அகழ்ந்தபோது 15 எலும்புக்கூடுகளும், 2025இல் சிந்துபாத்தி மயானத்தில் அகழ்ந்தபோது இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகளும் வெளிப்பட்டன. அவற்றுள் எது தன்னுடையது என்று அறியாத தாய் எந்தத் திதியிலே விரதமிருப்பாள்? கோப்பாயிலிருந்த மாவீரர் துயிலும் இல்லத்தின் கல்லறைகள் அகற்றப்பட்டு, அந்நிலத்தில் 2011இல் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் அமைந்தது. அங்கே பிள்ளையைப் புதைத்த பெற்றோர் நவம்பர் 27ஆம் நாளில் வீதியோரத்தில் விளக்கேற்றிவிட்டுத் திரும்புகின்றனர். போர்பற்றி எவர் எக்கட்சியினராயினும், பெற்ற பிள்ளையின் புதைகுழிக்கு முன் நின்று அழ இயலாத தாயின் நிலையை மறுத்துப் பேச இயலாது.

காணாமற்போனவரின் வீட்டை இன்னும் நுணுகி நோக்குதல் தகும். கணவன் இறந்தான் என்று ஒப்புக்கொண்டால் அவனைத் தானே கொன்றதாக அவ்வீட்டு மனைவி நினைக்கின்றாள். உயிரோடிருக்கின்றான் என்று சொன்னால் ஊர் அவளைப் பார்த்து இரங்கிச் சிரிக்கின்றது. பொட்டு வைத்தால் ஒரு பேச்சு. வைக்காவிட்டால் மாமியார் வீட்டில் வேறொரு பேச்சு. கலியாண வீட்டில் அவளை முன்னே நிறுத்துவதா பின்னே நிறுத்துவதா என்று எவருக்கும் தெரிவதில்லை. இவ்விடர்ப்பாட்டை அரசாங்கமே கண்டுகொண்டதனாலன்றோ, மரணப் பதிவுச் சட்டத்திற்கு 2016இல் திருத்தஞ்செய்து, ‘இறந்தார்’ என்று கூறாமல் ‘காணப்படவில்லை’ என்று மட்டும் கூறுகின்ற புதியதொரு சான்றிதழை ஏற்படுத்திற்று! சட்டமே தன் பழைய பாரங்களாற் பயனில்லையென்று கண்டு புதிய பாரமொன்றை அச்சிட்டது. அவ்வாறிருக்க, சமூகம் மட்டும் பழைய பந்தலே எல்லார்க்கும் போதும் என்று சொல்லிக்கொண்டிருப்பது நியாயமாகாது. பிரேதமில்லாத வீட்டுக்குச் செத்தவீட்டுச் சனம் வருவதில்லை. ‘ஆள் வந்துவிடும், யோசியாதேங்கோ’ என்று படலையில் நின்று சொல்லிவிட்டுப் போய்விடுகின்றது. ஆறுதற் கூட்டம் கூடுவது அத்தகைய வீட்டாருக்காக.

கோயிலைப் பற்றியும் இதையே சொல்வேன். இறைவன் சந்நிதியிற் கண்ணீர் விட்டு ஆறுதல் பெறுவாரை நான் மறுக்கவில்லை. நானும் அவர்களுள் ஒருத்தி. மட்டக்களப்பில் 1990களில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் அம்மன் கோயில்களிலே தெய்வமாடுபவர்களிடம் வாக்குக் கேட்டதையும், வெளியே சொல்ல அஞ்சியதை அங்கே வாய்விட்டுச் சொல்லி அழுததையும் எழுதியிருக்கின்றார். அத்தாய்மார் சென்றது தனிமைக்கன்று. தம்மைப்போன்ற தாய்மார் பலர் நின்ற வாசலுக்கு. இனி, சைவர்களாகிய நமக்குச் சாத்திரப் பிரமாணம் வேண்டுமானால், மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரத்தைப் பார்த்தல் போதும். மலம் நீங்கிய ஞானிக்குக்கூட அன்பரோடு கூடியிருத்தலையே அச்சூத்திரம் விதிக்கின்றது. முத்தி பெற்றவனுக்கே கூட்டுறவு வேண்டுமென்று ஆசாரியர் கூறியிருக்க, நித்திரையின்றிப் பெருமூச்செறிந்து கிடக்கும் ஏழைத் தாய்க்குத் தனிமை போதும் என்று சொல்லும் துணிவு நமக்கு எங்கிருந்து வந்தது?

அடுத்ததாகப் புண்ணைக் கிளறும் வாதம். இதிலே உவமை நியாயத்தின் ஆசனத்தில் ஏறி அமர்ந்திருக்கின்றது. துக்கம் புண் என்பது கேட்க அழகாயிருக்கலாம். ஆனால் உவமையை நம்பி ஒருவரும் வைத்தியஞ் செய்யலாகாது. ஆறிய புண்ணாயிருந்தால், பிள்ளையைப் பறிகொடுத்தவள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து படலையைத் திறந்து பார்ப்பானேன்? ‘நெஞ்சுக்குள்ளை அடைக்குது, தலையிடிக்குது’ என்று வருஷக்கணக்காய் ஒவ்வொரு மருந்தகமாய் ஏறி இறங்குவானேன்? 2009ஆம் ஆண்டு யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,517 வீட்டாரை விசாரித்து, அமெரிக்க வைத்திய சங்கத்தின் சஞ்சிகையில் 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அவர்களுள் நூற்றுக்கு 22.2 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளையும், 32.6 பேரிடம் பதகளிப்பின் அறிகுறிகளையும், 7 பேரிடம் போரின் மனவடு நோயின் அறிகுறிகளையும் கண்டது.  ஆறிய புண்ணின் அறிகுறிகள் அல்ல இவை.

இவ்வாதத்திற்குள் ஓர் உண்மை உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. ஆபத்து நிகழ்ந்த சில நாட்களுக்குள், அறிமுகமில்லாத ஒருவர் வந்திருந்து, நடந்ததை முதலிலிருந்து முடிவுவரை ஒரே அமர்வில் சொல்லவைத்துவிட்டுப் போய்விடும் முறையொன்று மேனாடுகளில் 1980களிலே பரவிற்று. அதனைப்பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2002இல் வைத்தியர் சிலர் ஆராய்ந்தபோது, அது நோயைத் தடுக்கவில்லை என்பதும், சிலருக்குத் தீங்கே செய்திருக்கலாம் என்பதும் புலனாயின. 2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடற்கோளின் பின் நம் கரையோரங்களுக்கு அந்த முறையைக் கொண்டுவந்தவர்களும் உண்டு. உலக சுகாதார ஸ்தாபனம் அதனைக் கைக்கொள்ளவேண்டாமென்று 2005இல் அறிவுறுத்திற்று. நம்மூரார் சிலர் அக்காலத்தில் கண்ட காட்சிகளை வைத்துக்கொண்டே இன்றும் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் தகும். ஆனால் அவர்கள் அஞ்சுவது வேறொன்றை. நான் வேண்டுவது வேறொன்றை. வற்புறுத்திச் சொல்லவைப்பதும் சொல்ல விரும்பும்போது கேட்பதும் ஒன்றாகா. ஒருநாள் வந்து போவதும் பல மாதம் உடனிருப்பதும் ஒன்றாகா. என் முதலாவது கூட்டத்திலும் அதற்குப் பிந்திய பலவற்றிலும் நான் என் பெயரைத் தவிர ஒன்றுஞ் சொல்லவில்லை. ஒருவரும் என்னைக் கேட்கவுமில்லை. மற்றவர்கள் பேசியதைக் கேட்டிருந்தபோது, எனக்கு மாத்திரமே உரிய பைத்தியம் என்று நான் நினைத்திருந்தவை — பேருந்திலே முன் ஆசனத்திலிருப்பவரின் பின்கழுத்தைக் கண்டு தம்பியென்று திடுக்கிடுதல், அவனுக்குரிய தட்டை ஒருவருக்கும் கொடாமல் எடுத்துவைத்தல் — அவர்களுக்கும் உண்டு என்று அறிந்தேன். நான் வாய்திறவாமலே எனக்குக் கிடைத்த உபகாரம் அது.

கூடியிருந்து பேசுதல் பயன் தருமா என்பதை அளந்து பார்த்தவர்களும் உளர். உகண்டாவின் மசாகா, ரக்காய் என்னும் மாவட்டங்களில், உயிர்க்கொல்லி நோயாலும் வறுமையாலும் வாடிய 30 கிராமங்களிலே, மனச்சோர்வுற்றோரைப் பதினாறு வாரம், வாரத்திற்கு ஒன்றரை மணித்தியாலம், ஆண்களைத் தனியேயும் பெண்களைத் தனியேயும் கூட்டி நடத்திய முயற்சியின் பெறுபேறு 2003இல் வெளியாயிற்று. கூட்டத்தில் இருந்தோருள் மனச்சோர்வு நோயுடையோர் நூற்றுக்கு 86இலிருந்து 6.5ஆகக் குறைந்தனர், கூட்டம் நடவாத கிராமங்களிலோ 94இலிருந்து 54.7ஆகவே குறைந்தனர். ‘காலம் ஆற்றும்’ என்பாருக்கு அவ்விரண்டாவது எண் ஓரளவு ஆதரவு தரும். காலமும் சிலரை ஆற்றத்தான் செய்கின்றது. ஆனால் காலம் தனியே விட்டுச்சென்றவர்கள் பாதிக்கு மேற்பட்டோர் என்பதையும் அவர்கள் நோக்குதல் வேண்டும்.

அந்த உகண்டாக் கூட்டங்களை நடத்தியவர் யார்? வைத்தியர்களல்லர், இரண்டு வாரப் பயிற்சி பெற்ற அவ்வூர் மனிதர்கள். இதிலிருந்து நான்காமவரின் வாதத்திற்கு வருவோம். டொக்டரிடம் போகவேண்டியவர் போகத்தான் வேண்டும். தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் யாழ் போதனா வைத்தியசாலையிலும் மனநோய்ப் பிரிவுகள் உள்ளன. அங்கே செல்ல வெட்கப்படுவாரை அழைத்துச்செல்வதும் எங்கள் வேலைகளுள் ஒன்று. ஆயினும் ஐவருள் ஒருவருக்கு மேற்பட்டோரிடம் 2009இல் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்ட மாவட்டத்தில் அத்தனை பேருக்கும் வைத்தியர் எங்கிருந்து வருவர்? வந்தாலும், கிளினிக்கில் நூறுபேர் காத்திருக்க ஒருத்திக்குக் கிடைக்கும் சில நிமிஷத்தில், 1996ஆம் ஆண்டைச் சொல்லி முடிக்க இயலுமா? இவ்வுண்மையை நம்முள் எவரினும் முன்னதாக உணர்ந்தவர் யாழ் பல்கலைக்கழகத்து மனநோய் மருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம். போர் தனி மனிதரின் உள்ளத்தை மட்டும் உடைப்பதில்லை, குடும்பம், அயல், நம்பிக்கை என்ற பிணைப்புக்களையே உடைக்கின்றது; ஆகவே சிகிச்சையும் சமூகத்தினிடத்திலேயே நடைபெறவேண்டும் என்பது அவர் நெடுங்காலமாய் வற்புறுத்திவரும் கருத்து. ஆசிரியர்களுக்கும் கிராமத் தொண்டர்களுக்கும் அவரும் அவரோடு உழைத்தவர்களும் பயிற்சி கொடுத்ததும், சாந்திகம் போன்ற நிலையங்கள் உளவளத்துணையாளர்களை உருவாக்கியதும் இக்கருத்தின் வழியே. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் தற்கொலைகள் குறைந்தன என்று 1995இல் அவரும் சக வைத்தியர் ஒருவரும் வெளியிட்ட ஆய்வு என்னை மிகவும் சிந்திக்கவைத்தது. செல் விழுந்த காலத்தில் எல்லாரும் ஒரே பதுங்குகுழிக்குள் இருந்தோம். இன்று அவரவர் மதிலுக்குள்ளே இருக்கின்றோம்.

துன்பப்பட்டவரே துன்பப்பட்டவரை வழிநடத்துதல் எங்கணும் சோதிக்கப்பட்ட முறை. 1935இல் அமெரிக்காவின் அக்றன் நகரில், குடியால் அழிந்துகொண்டிருந்த பங்குத்தரகர் ஒருவரும் சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவரும் ஒருவர்க்கொருவர் துணையாயிருந்து தொடங்கிய குடிநோயாளர் சங்கம் உலகெங்கும் பரவிற்று. அங்கே வைத்தியரும் நோயாளியாகவே அமர்ந்தார். 1967 முதல் பொஸ்ரன் நகரத்திற் பிலிஸ் சில்வமன் என்ற அம்மையார், புதிதாய்க் கைம்மையுற்ற பெண்ணின் வீட்டுக்கு, அத்துயரை முன்னரே கடந்த வேறொரு கைம்பெண்ணையே அனுப்பினார். பிள்ளையை இழந்த பெற்றோர் 1969இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரிற் கூடித் தொடங்கிய சங்கமும் அத்தகையது. சென்னையில் 1986இல் வைத்தியர் இலட்சுமி விஜயகுமார் நிறுவிய சினேகாவும், கொழும்பில் 1974இல் தோன்றிய சுமித்திரயோவும், தற்கொலையை எண்ணுவோருக்குச் செவிகொடுக்கும் பணியை வைத்தியரல்லாத தொண்டர்களின் கையிலேயே ஒப்படைத்துள்ளன.

எனினும், துன்பப்பட்டதனால் மட்டும் ஒருவருக்கு வழிநடத்தும் தகுதி வந்துவிடாது; அத்தொழில் கற்கப்படவேண்டியது. அதன் முதற்பாடம் புத்திமதி சொல்லாதிருத்தல். யாழ்ப்பாணத்தாராகிய நமக்கு, அதிலும் ஆசிரியத் தொழில் செய்தவர்களுக்கு, இதனினும் கடினமான தவம் வேறில்லை. ஒருத்தி அழத் தொடங்கியதும் நாலு பக்கத்திலிருந்தும் ‘அழாதேங்கோ’ என்ற குரல் எழும். அதனை நிறுத்துவதே நடத்துபவளின் கடமை. இரண்டாவது, துக்கங்களை ஒப்பிடவிடாமை. ‘உமக்கு ஒரு பிள்ளைதானே, எனக்கு மூண்டு’ என்று ஒருத்தி சொல்லுங்கால், அதைக் கேட்டவள் மறுமுறை வரமாட்டாள்; அவ்விடத்திலேயே, இருவரும் மனங்கோணாதபடி, பேச்சைத் திருப்புதல் வேண்டும். மூன்றாவது மௌனத்துக்கு இடங்கொடுத்தல். நீண்ட மௌனம் புதிதாய் நடத்துபவளை நடுக்கும். அவள் எதையாவது பேசி அதை நிரப்பிவிடுவாள். அவ்வளவில், சொல்லுக்காக நெடுநேரம் முயன்றுகொண்டிருந்த ஒருத்தியின் வாய் மீண்டும் மூடிவிடும். நான்காவது மிகவும் பாரமானது. ‘நான் இருந்து என்ன பிரயோசனம்’ என்று ஒருவர் சொன்னால், அதைக் கேளாதவர்போல் கடந்து செல்லாமல், சாகவேண்டும் என்று நினைக்கிறீர்களா என்று நேரே கேட்கவேண்டும். அவ்வாறு கேட்பது அவ்வெண்ணத்தை விதைக்கும் என்பது பலரும் நம்பும் பிழை. ஆம் என்று அவர் சொன்னால் அன்றைக்கே அவரோடு வைத்தியசாலைக்குப் போகவேண்டும். வீட்டிலுள்ள பூச்சிமருந்தை எடுத்து வேறிடத்தில் வைக்க வீட்டாரை இணக்கவேண்டும். இவை எல்லாவற்றையும் செய்பவள் தன் துக்கத்தையும் மறைத்துவைத்துக்கொண்டு பீடத்தில் அமர்ந்துவிடலாகாது. முறைவரும்போது அவளும் சொல்லவேண்டும், அழுகை வந்தால் அழவேண்டும், குறித்த காலம் முடிந்ததும் நடத்தும் பொறுப்பை இன்னொருவர் கையிற் கொடுத்துவிட்டு மீண்டும் உறுப்பினளாய் உட்காரவேண்டும். நம்மூரில் எச்சங்கமாயினும் தலைவர் மாலையில் ஆரம்பித்து வழக்கில் முடிவதைக் கண்டிருக்கின்றேன். ஆறுதற் கூட்டத்துக்கு மாலையும் வேண்டாம், பெயர்ப்பலகையும் வேண்டாம்.

இது வெளிநாட்டுக்காரர் பழக்கிய வேலை என்பதற்கு அதிக இடங்கொடுக்க விரும்பேன். 1984இல் யாழ்ப்பாணத்துத் தாய்மார் கைதுசெய்யப்பட்ட மக்களுக்காக அன்னையர் முன்னணியாய்த் திரண்டபோதும், பெண்கள் சிலர் கூடிப் பூரணி இல்லத்தை நடத்தியபோதும், 1991இல் இடம்பெயர்ந்த பெண்கள் கொழும்பில் சூரியாவைத் தொடங்கிப் பின்னர் அதனை மட்டக்களப்புக்குக் கொண்டுசென்றபோதும் அவர்களுக்கு இவ்வாறு கூடவேண்டுமென்று யாரும் பாடஞ் சொல்லிக்கொடுக்கவில்லை. பணம் வெளியிலிருந்து வந்ததுண்டு. அதனால் கேடு விளைந்ததும் உண்டு. துக்கம் சொல்லவந்த பெண்களைப் படம்பிடித்து அறிக்கைக்கு அட்டைப்படமாக்கியவர்களை நானும் கண்டு வெகுண்டிருக்கின்றேன். அவர்களைக் கண்டிப்போம், அதற்காகத் தாய்மாரைக் கூடவேண்டாம் என்பானேன்?

இந்நால்வரும் வெளிப்படையாய்ச் சொல்லாத காரணங்கள் மூன்று உள்ளன. என் மதிப்பில் சொல்லப்பட்டவற்றினும் சொல்லப்படாத இவையே வலியன. முதலாவது பயம். முகமூடியணிந்து ஆள்காட்டும் தலையாட்டியின் ஓர் அசைவாலே பிள்ளைகள் கொண்டுசெல்லப்பட்டதைக் கண்ட ஊர் இது. போர் முடிந்த பின்னரும் ஜனாதிபதி செயலணியின் அனுமதியின்றி வடக்கிலே ஒரு தொண்டு ஸ்தாபனமும் வேலை செய்ய இயலாதிருந்தது. அக்காலத்தில் வீடு கட்டவும் கிணறு இறைக்கவும் கிடைத்த அனுமதி உளசமூகப் பணிக்குக் கிடைப்பது அரிதாயிருந்தது. நாலுபேர் கூடினால் ஐந்தாவது காது ஒன்று இருக்கும் என்று அறிந்த மக்கள் வாயை மூடிக்கொண்டதற்கு நான் அவர்களைக் குறைகூறேன். அதனாலேயே எங்கள் கூட்டத்தில் வரவுப் பதிவு இல்லை, படம் பிடிப்பதில்லை, கேட்டதை வெளியே கொண்டுசெல்வதில்லை. உறுதிமொழியைப் புதிதாய் வந்தவர் முன் ஒவ்வொரு முறையும் எல்லாரும் மீண்டும் சொல்கின்றோம்.

இரண்டாவது கடன். போருக்குப் பின் நுண்கடன் கொம்பனிகள் பெண்களை ஐவராகவும் பத்துப்பேராகவும் குழுவாக்கி, ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் அவள் வாசலில் நின்று கேட்கும்படி ஏற்பாடு செய்தன. வடக்கிலும் கிழக்கிலுமாகப் போரில் விதவையரானோர் 89,000 என்று அரசின் பிரதியமைச்சர் ஒருவர் 2010இல் கூறிய பெண்களுட் பலர் அக்கடனில் அகப்பட்டனர். சிலர் உயிரையே மாய்த்தனர். பெண்கள் கூடும் இடமென்றால் வட்டிக்காரன் வரும் இடம் என்ற எண்ணம் அன்றிலிருந்து உண்டு. ஆகவே ஆறுதற் கூட்டத்திற் சீட்டோ கடனோ நிவாரணமோ கலக்கலாகாது. ஒருமுறை கலந்தால் துக்கத்துக்கு வந்தவளும் கணக்குக்கு வந்தவளும் வேறுபடாதொழிவர்.

மூன்றாவது சாதி. இதனை எழுதக் கூசுவோர் பலர், நான் எழுதுகின்றேன். நம் செத்தவீடு எல்லாரையும் கூட்டியது உண்மையே. ஆனால் இன்னார் பந்தலுக்குள்ளே, இன்னார் வெளியே, இன்னார் தொழிலுக்கு என்று அளந்தே கூட்டியது. ஆறுதற் கூட்டத்தில் நாற்காலிகள் வட்டமாயிருக்கின்றன. அவ்வட்டத்திற்கு உள்ளும் வெளியும் உண்டேயன்றி மேலும் கீழும் இல்லை. ‘ஆரார் வருகினம்?’ என்று தொலைபேசியிற் கேட்டுவிட்டு வராமலிருந்த பெரியவர்கள், மறுநாள் என்னிடம் புண்ணைக் கிளறுவதைப் பற்றி உபதேசித்தார்கள். இக்காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல அவர்களே வெட்கப்படுகின்றார்கள் என்பது ஒன்றே எனக்கு ஆறுதல்.

இனி, இந்நால்வரோடு சேராத ஐந்தாமவர் ஒருவரும் உளர்; அவர் இளைஞர், நீதிக்காக உழைப்பவர், நான் மதிப்பவர். ஆற்றுப்படுத்தல் என்பது மக்களை அமைதிப்படுத்திவிடும், அழுது தீர்த்தவள் நீதிமன்றத்துக்குப் போகமாட்டாள், பதில் சொல்லவேண்டியவர்களுக்கு அது வசதியாய்ப் போய்விடும் என்பது அவர் வாதம். பதில் சொல்லவேண்டியவர்களே எங்களை ஆற்றவந்தால் அவர் சொல்வது நடக்கும்; அப்படி வருபவர்களை நானும் படலைக்கு வெளியே நிறுத்துவேன். ஆனால் 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் அமர்ந்த அமர்வை அவர் எண்ணிப் பார்க்கட்டும். ஒருநாட் போராட்டம் நாட்களாகி, மாதங்களாகி, வருஷங்களாயிற்று, பதிலைக் காணாமலே பல தாய்மார் மாண்டனர், எஞ்சியவர்கள் கைவிடவில்லை. தனித்தனி வீட்டிலிருந்து ஒருவராலும் அத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்க முடியாது. கோப்பாயிலும் ஆணைக்குழுக்களின் முன் சாட்சி சொல்லப்போன தாய்மாரை நான் அறிவேன். தனியே போனவர்கள், அதிகாரியின் இரண்டாவது கேள்விக்கே நாக்குழறித் திரும்பிவந்து, பின்னர் அந்தப் பக்கமே தலைவைக்கவில்லை. கூட்டத்திலே பலமுறை அதே கதையை, அழுதும் இடையில் நிறுத்தியும் சொல்லிப் பழகியவர்கள், நாளையும் நேரத்தையும் வாகனத்தின் நிறத்தையும் தடுமாறாமற் சொல்லிவிட்டு, தாம் கொடுத்த மனுவின் இலக்கத்தை எழுதித்தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள்.